மாறா வெப்பநிலையில் வாயுவின் அழுத்தமும் கனஅளவும்: சிரிஞ்சும் அழுத்த உணரியும் கொண்டு பாயில் விதியைச் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் அழுத்தமும் கனஅளவும் எதிர்த்தகவில் இருக்கும் என்பதே பாயில் விதி; அதாவது அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் ஒரே எண் வர வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யும் புதியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எண் ஒன்றாக வருவதில்லை. வராதபோது சிலர் விதியைச் சந்தேகிக்கிறார்கள். சிலர் அளவீடுகளைத் திருத்தி எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தேவையற்றவை. பெருக்கற்பலன் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கவனித்தால், எதைக் கணக்கில் சேர்க்க மறந்தோம் என்பதை அந்த எண்களே காட்டிவிடும். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த நோக்கத்தோடுதான் அமைந்திருக்கிறது.

1. தொடங்கும் முன் இரண்டு நிபந்தனைகள்

விதி இரண்டு விஷயங்கள் மாறாதிருக்க வேண்டும் என்று கேட்கிறது: வெப்பநிலை, உள்ளே உள்ள வாயுவின் அளவு (அதன் நிறை). முதல் நிபந்தனையை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறு கசிவு இருந்தாலும் முதல் அளவீட்டில் இருந்த வாயுவும் கடைசி அளவீட்டில் இருந்த வாயுவும் வேறுவேறு ஆகிவிடும். பிறகு அவற்றை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இவற்றோடு, அளப்பவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் அளக்கும் கனஅளவு எந்த வாயுவின் கனஅளவு? உணரியின் அழுத்தத்துக்கு உட்பட்டிருப்பது சிரிஞ்சுக்குள் உள்ள காற்று மட்டுமன்று. இணைப்புக் குழாயிலும் உணரியின் வாய்ப்பகுதியிலும் உள்ள காற்றும்தான். சிரிஞ்சின் கோடுகள் அந்தப் பகுதியைக் காட்டுவதில்லை.

2. தேவையானவை

20 மில்லி லிட்டர் பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று, குறைந்தது 0 முதல் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் அழுத்த உணரி ஒன்று, இரண்டையும் இணைக்கும் மிகக் குட்டையான, தடித்த சுவருள்ள குழாய், சில துளிகள் சிலிக்கோன் எண்ணெய், ஒரு தாங்கி, ஒரு வெப்பநிலைமானி, ஒரு நிறுத்துக் கடிகாரம். கண்ணாடிச் சிரிஞ்சு அழுத்தத்தில் உடைந்து கையைக் கிழிக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

குழாய் குட்டையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், கோடுகளில் தெரியாத கனஅளவைச் சிறிதாக வைத்திருப்பது. சுவர் தடித்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு: மெல்லிய ரப்பர் குழாய் அழுத்தம் கூடும்போது உப்பிக்கொள்ளும். அப்போது மறைந்திருக்கும் கனஅளவு ஒவ்வோர் அளவீட்டிலும் வெவ்வேறாகிவிடும். மாறாத ஒரு பிழையைக் கணக்கால் நீக்கலாம், மாறிக்கொண்டே இருக்கும் பிழையை நீக்குவது கடினம்.

வாயுவாக உலர்ந்த காற்றே போதும். அறை வெப்பநிலையில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், காற்று இலட்சிய வாயுவிலிருந்து (விதிக்கு முழுமையாகக் கட்டுப்படும் கற்பனை வாயுவிலிருந்து) விலகுவது ஒரு சதவீதத்தின் நூறில் சில பங்குதான். கார்பன் டைஆக்சைடில் அந்த விலகல் ஏறத்தாழ அரை சதவீதம். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் விலகலும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். முதல் முறை செய்பவர் அந்தச் சிக்கலை வரவழைத்துக்கொள்ளத் தேவையில்லை.

3. சிரிஞ்சைத் தயார் செய்தல்

சிரிஞ்சு முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு துளி நீர் இருந்தால், அதிலிருந்து எழும் நீராவி பாயில் விதிக்குக் கட்டுப்படாது. காற்றை அழுத்தும்போது நீராவியின் ஒரு பகுதி மீண்டும் நீராகிவிடுவதால், அதன் பங்கு அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் நீராவி தரும் பகுதி) மாறாமல் நின்றுவிடும். 30 டிகிரி செல்சியசில் அது ஏறத்தாழ 4.2 கிலோபாஸ்கல். கழுவிய சிரிஞ்சைத் துடைத்தவுடன் பயன்படுத்துவது வழக்கமான தவறு.

பிஸ்டனின் ரப்பர் முனையில் ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய் தடவுங்கள். இது உராய்வைக் குறைப்பதோடு கசிவையும் தடுக்கும். எண்ணெய் அதிகமானால் அது முன்பக்கம் வழிந்து வாயுவின் இடத்தைப் பிடிக்கும்.

கோட்டை எந்த விளிம்பில் வாசிப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ரப்பர் முனையில் இரண்டு வளையங்கள் தெரியும். வாயுவுக்கு அருகில் இருக்கும் வளையத்தின் முன்விளிம்புதான் சரியானது. கண் அந்தக் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடமாறு தோற்றப் பிழை வரும். 6 மில்லி லிட்டரில் 0.2 மில்லி லிட்டர் பிழை என்றால் அது 3 சதவீதத்துக்கும் மேல். 20 மில்லி லிட்டரில் அதே பிழை 1 சதவீதம்தான். ஆகவே சிறிய கனஅளவுகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

4. உணரி எந்த அழுத்தத்தைக் காட்டுகிறது என்று அறிதல்

சிரிஞ்சை இணைக்காமல், உணரியின் வாயைத் திறந்துவைத்து எண்ணைப் பாருங்கள். கடல்மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் காட்டினால், அது வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு முழு அழுத்தத்தையும் அளக்கிறது. சுழி காட்டினால், வளிமண்டலத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும் அளக்கிறது.

விதியில் வரும் அழுத்தம் முழு அழுத்தம். சுழி காட்டும் கருவியாக இருந்தால் ஒவ்வோர் அளவீட்டோடும் அவ்விடத்தின் வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வானிலை அறிக்கைகளில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்ட எண். ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் உள்ள இடத்தில் உண்மையான அழுத்தம் 90 கிலோபாஸ்கலுக்கு அருகில்தான் இருக்கும். அறிக்கையில் உள்ள 101-ஐக் கூட்டினால் எல்லா அளவீடுகளும் தவறிவிடும். அவ்விடத்திலேயே ஒரு பாரமானியால் அளப்பதுதான் சரி.

5. பிஸ்டனை முதலில் வைத்து, பிறகு இணைத்தல்

பிஸ்டனை 14 மில்லி லிட்டர் கோட்டில் வைத்த பிறகே சிரிஞ்சைக் குழாயோடு இணைக்க வேண்டும். இணைத்த நொடியில் உள்ளே இருப்பது வளிமண்டல அழுத்தத்தில் உள்ள காற்று; அழுத்தமும் கனஅளவும் இரண்டுமே தெரிந்த தொடக்கப் புள்ளி அதுதான். முதலில் இணைத்துவிட்டுப் பிறகு பிஸ்டனை 14-க்கு இழுப்பவர்களுக்கு அந்தப் புள்ளி கிடைப்பதில்லை.

20-இல் தொடங்காமல் 14-இல் தொடங்குவது ஏன் என்று கேட்கலாம். நடுவில் தொடங்கினால் ஒரு பக்கம் அழுத்தலாம், மறுபக்கம் இழுக்கலாம். வளிமண்டல அழுத்தத்துக்கு மேலும் கீழும் அளவீடுகள் கிடைக்கும். கசிவு இருந்தால் அது இரு பக்கத்திலும் எதிரெதிர்த் திசையில் வெளிப்படும்.

6. கசிவுச் சோதனை

பிஸ்டனை 8 மில்லி லிட்டருக்கு அழுத்தி, தாங்கியில் இறுக்கி, இரண்டு நிமிடம் உணரியைப் பாருங்கள். முதல் சில நொடிகளில் எண் சற்று இறங்கும். இதைப் பார்த்தவுடன் கசிவு என்று முடிவு செய்து இணைப்புகளைக் கழற்றுபவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த இறக்கம் கசிவன்று. அழுத்தியதால் சூடேறிய காற்று மீண்டும் அறை வெப்பநிலைக்கு வருகிறது. அது விரைவில் நின்றுவிடும். நிற்காமல், இரண்டாவது நிமிடத்திலும் சீராக இறங்கிக்கொண்டே இருந்தால் அதுதான் கசிவு.

பிறகு பிஸ்டனை மீண்டும் 14-க்குக் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் இருந்த அழுத்தமே திரும்ப வந்தால் மேலே செல்லலாம். குறைவாக வந்தால் வாயு வெளியேறியிருக்கிறது; இணைப்பைச் சரிசெய்து 5-ஆம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

7. அளவீடுகளை எடுத்தல்

14, 12, 10, 8, 6 என்று அழுத்திக்கொண்டே செல்லுங்கள். பிறகு 14-க்குத் திரும்பி, 16, 18, 20 என்று இழுங்கள். கடைசியாக மீண்டும் 14-க்கு வந்து ஒருமுறை வாசியுங்கள். பட்டியலில் இந்தக் கடைசி வாசிப்பை விட்டுவிடாதீர்கள். முழுச் சோதனையிலும் வாயுவின் அளவு மாறவில்லை என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

ஒவ்வொரு முறையும் பிஸ்டனை மெதுவாக நகர்த்தி, எண் நிலையாகும் வரை, ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை, காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் சோதனையின் "மாறா வெப்பநிலை". அதை வேறு எந்தக் கருவியும் தருவதில்லை. 30 டிகிரியில் உள்ள காற்றை, வெப்பம் சிறிதும் வெளியேறாதபடி ஒரே நொடியில் பாதிக் கனஅளவுக்கு அழுத்தினால், அதன் வெப்பநிலை கணக்குப்படி ஏறத்தாழ 127 டிகிரிக்கு ஏறும். அழுத்தம் 2 மடங்காகாமல் 2.6 மடங்குக்கு மேல் ஏறும். சிறிய சிரிஞ்சில் வெப்பம் சுவர் வழியே விரைவாக வெளியேறிவிடுவதால் இவ்வளவு தெரியாது. ஆனால் அவசரமாக வாசித்தால் அதன் ஒரு பகுதி கட்டாயம் எண்ணில் சேரும்.

சிரிஞ்சின் உடலைக் கையால் பற்றக் கூடாது. தாங்கியில் பொருத்தி, பிஸ்டனின் தலையை மட்டும் தொட வேண்டும். உள்ளங்கையின் சூட்டில் காற்று 3 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 சதவீதம் கூடிவிடும்.

8. பெருக்கற்பலனைக் கணக்கிடுதல்

மறைந்திருக்கும் கனஅளவு 0.8 மில்லி லிட்டர் உள்ள ஒரு கருவியில், பிழையின்றி வாசித்தால் கிடைக்கும் எண்கள் கீழே. கனஅளவு மில்லி லிட்டரில், அழுத்தம் கிலோபாஸ்கலில், கடைசியில் இரண்டின் பெருக்கற்பலன்.

20 — 71.9 — 1438
18 — 79.5 — 1431
16 — 89.0 — 1424
14 — 101.0 — 1414
12 — 116.8 — 1402
10 — 138.4 — 1384
8 — 169.9 — 1359
6 — 219.8 — 1319

பெருக்கற்பலன் 1438-இலிருந்து 1319 வரை, 8 சதவீதத்துக்கும் மேல் இறங்குகிறது. பலர் இந்த இடத்தில் சராசரி எடுத்து, "சோதனைப் பிழைக்குள் மாறிலி" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு. தற்செயலான பிழை என்றால் எண்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும். இவை ஒரே திசையில் ஒழுங்காக இறங்குகின்றன. ஒழுங்காக நகரும் எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

9. சரியான வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தல்

அழுத்தத்தைக் கனஅளவுக்கு எதிராக வரைந்தால் ஒரு வளைகோடு வரும். அது எதிர்த்தகவு வளைகோடுதானா, அதைப் போன்ற வேறு ஒன்றா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே அந்த வரைபடத்தால் எதையும் சரிபார்க்க முடியாது; நேர்க்கோடு வரும்படி வரைய வேண்டும்.

அழுத்தத்தை, கனஅளவின் தலைகீழுக்கு (1-ஐக் கனஅளவால் வகுத்த எண்ணுக்கு) எதிராக வரையுமாறுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நான் பரிந்துரைப்பது அதன் மறுபக்கம்: கிடை அச்சில் அழுத்தத்தின் தலைகீழ், குத்து அச்சில் சிரிஞ்சில் வாசித்த கனஅளவு. காரணம் எளிது. உண்மையான கனஅளவு என்பது வாசித்த கனஅளவோடு மறைந்திருக்கும் கனஅளவைக் கூட்டியது. அந்தக் கூட்டுத்தொகையை அழுத்தத்தால் பெருக்கினால்தான் மாறிலி. ஆகவே வாசித்த கனஅளவு என்பது மாறிலியை அழுத்தத்தால் வகுத்து, மறைந்திருக்கும் கனஅளவைக் கழித்தது. இது நேர்க்கோட்டின் சமன்பாடு: சாய்வு மாறிலியைத் தரும், குத்து அச்சில் விழும் வெட்டுத்துண்டு, குறைக் குறியோடு, மறைந்திருக்கும் கனஅளவைத் தரும்.

மேலே உள்ள எண்களில் முதலாவதையும் கடைசியையும் எடுத்துப் பார்க்கலாம். 71.9-இன் தலைகீழ் 0.01391; 219.8-இன் தலைகீழ் 0.00455. வித்தியாசம் 0.00936. கனஅளவின் வித்தியாசம் 14. வகுத்தால் சாய்வு ஏறத்தாழ 1496. வெட்டுத்துண்டு ஏறத்தாழ −0.8. எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் கோட்டை வரைந்தால் விடை இன்னும் நம்பகமாகும்.

இனி ஒவ்வொரு கனஅளவோடும் 0.8-ஐக் கூட்டிப் பெருக்குங்கள். 20.8-ஐ 71.9-ஆல் பெருக்கினால் 1496, 10.8-ஐ 138.4-ஆல் பெருக்கினால் 1495, 6.8-ஐ 219.8-ஆல் பெருக்கினால் 1495. ஓர் அளவீட்டைக்கூட மாற்றாமல் மாறிலி கிடைத்துவிட்டது. கோடு வரையும்போது அதை ஆதிப்புள்ளி வழியே வலிந்து இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் அந்த 0.8 கண்ணில் படாமலே போய்விடும்.

இந்த 1495 வெறும் எண்ணன்று. ஒரு கிலோபாஸ்கலை ஒரு மில்லி லிட்டரால் பெருக்கினால் ஒரு ஜூலின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மாறிலி 1.495 ஜூல். அதை வாயு மாறிலி 8.314-ஆலும் வெப்பநிலையான 303 கெல்வினாலும் (30 டிகிரி செல்சியஸ்) வகுத்தால், அடைபட்ட காற்று ஏறத்தாழ 0.00059 மோல், அதாவது ஏறத்தாழ 17 மில்லிகிராம் என்று தெரியும். சோதனையின் தொடக்கம் முதல் முடிவு வரை உள்ளே இருந்திருக்க வேண்டியது இந்தப் பதினேழு மில்லிகிராம்தான்.

10. பெருக்கற்பலன் நகரும் திசையிலிருந்து காரணத்தை அறிதல்

அழுத்தும்போது பெருக்கற்பலன் இறங்கி, மீண்டும் 14-க்கு வந்ததும் பழைய எண்ணுக்கே திரும்பினால், மறைந்திருக்கும் கனஅளவுதான் முதல் சந்தேகம். இறங்கியது திரும்பி வராமல், கடைசி வாசிப்பு முதல் வாசிப்பிலிருந்து மாறுபட்டால், கசிவு. இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் 7-ஆம் படியில் திரும்பி வரச் சொன்னேன்.

அழுத்த அழுத்தப் பெருக்கற்பலன் ஏறினால், அவசரமாக வாசித்திருக்கிறீர்கள். அல்லது கையின் சூடு உள்ளே போயிருக்கிறது. இதை உறுதிசெய்ய, ஒரே இடத்தில் பிஸ்டனை நிறுத்திச் சிரிஞ்சைத் தொடாமல் இரண்டு நிமிடம் பார்த்தால் போதும்.

பெருக்கற்பலன் சில சதவீதம் அல்லாமல் மடங்குகளில் மாறினால், வளிமண்டல அழுத்தம் கூட்டப்படவில்லை. நம் எடுத்துக்காட்டில் சுழி காட்டும் கருவி 10 மில்லி லிட்டரில் 37.4 என்றும், 6 மில்லி லிட்டரில் 118.8 என்றும் காட்டும். பெருக்கற்பலன் 374-இலிருந்து 713-க்குத் தாவும். இதைப் பார்த்துவிட்டு விதி பொய் என்று எழுதிய குறிப்பேடுகள் உண்டு.

ஈரம் சற்றுக் கடினமான வழக்கு, ஏனெனில் அதுவும் மறைந்திருக்கும் கனஅளவைப் போலவே பெருக்கற்பலனை இறக்கி, திரும்ப வந்ததும் பழைய எண்ணைத் தரும். பிரித்தறிய இரண்டு வரைபடங்களையும் வரைய வேண்டும். மறைந்திருக்கும் கனஅளவு என்றால், 9-ஆம் படியில் சொன்ன வரைபடம் நேர்க்கோடாகவும் மற்றது சற்று வளைந்தும் வரும். ஈரம் என்றால், அழுத்தத்தைக் கனஅளவின் தலைகீழுக்கு எதிராக வரைந்தது நேர்க்கோடாகி, அழுத்த அச்சை ஏறத்தாழ 4 கிலோபாஸ்கலில் வெட்டும். இரண்டும் கலந்திருந்தால் வரைபடத்தால் பிரிப்பது கடினம். சிரிஞ்சை நன்கு உலர்த்திவிட்டு மீண்டும் செய்வதே வழி.

11. உணரி இல்லாமல் எடைகளைக் கொண்டு செய்வதானால்

சிரிஞ்சின் வாயை அடைத்து, செங்குத்தாக நிறுத்தி, பிஸ்டனின் தலையில் எடைகளை வைக்கலாம். பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ 31 கிலோபாஸ்கலைக் கூட்டும். வளிமண்டல அழுத்தத்தையும், பிஸ்டன், எடைத்தட்டு ஆகியவற்றின் எடையையும் சேர்க்க மறக்கக் கூடாது.

இந்த முறையில் உராய்வுதான் பெரிய எதிரி. உணரி வாயுவின் அழுத்தத்தையே நேரடியாக அளப்பதால் அங்கே உராய்வு எண்ணில் சேர்வதில்லை, இங்கே சேர்கிறது. ஒவ்வோர் எடைக்கும் பிஸ்டனைச் சற்றுக் கீழே அழுத்திவிட்டு அது மேலேறி நிற்கும் இடத்தையும், சற்று மேலே இழுத்துவிட்டு அது கீழிறங்கி நிற்கும் இடத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுங்கள். உராய்வு ஒருமுறை ஒரு பக்கமும் மறுமுறை எதிர்ப்பக்கமும் செயல்படுவதால் சராசரியில் அதன் விளைவு பெரும்பாலும் நீங்கிவிடும்.

12. கணக்குகளில் விதியைப் பயன்படுத்தும்போது

சோதனையில் கற்ற அதே ஒழுங்கு தாளிலும் வேண்டும்: எந்த வாயு, எவ்வளவு, முழு அழுத்தம் எவ்வளவு என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகே எண்களைப் பெருக்க வேண்டும். வெப்பநிலை கெல்வினில் தேவைப்படும் கணக்கு இதுவன்று. அது மாறவில்லை என்று தெரிந்தாலே போதும்.

நீருக்கடியில் 30 மீட்டர் ஆழத்தில் 2 மில்லி லிட்டர் அளவுள்ள குமிழி ஒன்று, வெப்பநிலை மாறாமல் மேலே வருகிறது. 30 மீட்டர் நீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 294 கிலோபாஸ்கல். அதோடு வளிமண்டலத்தின் 101-ஐக் கூட்டினால் 395. மேற்பரப்பில் குமிழி 2 × 395 ÷ 101, அதாவது ஏறத்தாழ 7.8 மில்லி லிட்டர். வளிமண்டலத்தைக் கூட்ட மறந்தவருக்கு 5.8 என்று வரும்.

இரண்டு கலன்களை இணைக்கும் கணக்கில் வேறொரு தவறு நிகழ்கிறது. 5 லிட்டர் கலனில் 300 கிலோபாஸ்கல், 10 லிட்டர் கலனில் 100 கிலோபாஸ்கல். இடையிலுள்ள வால்வைத் திறந்தால் அழுத்தம் என்ன? 200 என்று சராசரி எடுப்பவர்கள் அதிகம். ஒவ்வொரு கலனின் பெருக்கற்பலனும் அதிலுள்ள வாயுவின் அளவுக்கு நேர்த்தகவில் இருப்பதால், 1500-ஐயும் 1000-ஐயும் கூட்டி, மொத்தக் கனஅளவான 15 லிட்டரால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 167 கிலோபாஸ்கல்.

கடைசியாக, தவறான வழியில் சரியான விடை கிடைக்கும் ஒரு கணக்கு. 10 லிட்டர் உருளையின் அளவி, வளிமண்டலத்துக்கு மேல் 900 கிலோபாஸ்கல் காட்டுகிறது. எவ்வளவு காற்று வெளியே வரும்? முழு அழுத்தம் 1001. வளிமண்டல அழுத்தத்தில் அந்தக் காற்றின் கனஅளவு ஏறத்தாழ 99 லிட்டர். ஆனால் அழுத்தம் சமமானதும் 10 லிட்டர் உருளைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே வருவது 89 லிட்டர். அளவி காட்டிய 900-ஐ அப்படியே போட்டாலும் 89-தான் வரும், ஏனெனில் கூட்டாமல் விட்ட 101 கிலோபாஸ்கலும் உள்ளே தங்கும் 10 லிட்டரும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. கேள்வி "உருளைக்குள் மொத்தம் எவ்வளவு காற்று இருக்கிறது" என்று மாறினால் அந்தக் குறுக்குவழி 10 லிட்டர் குறைவாகக் காட்டும்.